திரையில் 7.9 அடி, டவரில் 158 அடி: ஒரு ஆலையை ஸ்டார்ட் பண்ணும்போது காகிதம் என்ன வேலை செய்யுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு டாக்குமென்டேஷன் பத்திப் பேசப்போறோம். இருங்க, ஸ்கிப் பண்ணிடாதீங்க.

நம்ம சாஃப்ட்வேர் வேலையில டாக்குமென்டேஷன்னா என்ன? ஸ்ப்ரின்ட் முடியும்போது நேரம் மிச்சமிருந்தா எழுதுறது. ரீட்மி பழசா இருந்தா புதுசா சேர்ந்தவர் ரெண்டு நாள் திணறுவார். ரொம்ப மோசமானா சர்வர் படுத்துடும், பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடுவோம். ஆனா ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில, கொதிக்கிற ஹைட்ரோகார்பன் டவரை விட்டு வெளியே வந்துட்டா, திரும்பிப் போக பழைய வெர்ஷன் எதுவும் கிடையாது.

நமக்கு ஸ்டார்ட்அப்னா கம்பெனி. ஆலைக்காரங்களுக்கு ஸ்டார்ட்அப்னா நிறுத்தி வெச்சிருந்த யூனிட்டை மறுபடி ஓட வைக்கிறது. ஆலை ஓடிக்கிட்டே இருக்கும்போது எல்லாம் ஒரு நிலையில இருக்கும். ஸ்டார்ட்அப்ல மட்டும் வெப்பநிலை, அழுத்தம், திரவ மட்டம் எல்லாம் ஒரே நேரத்துல மாறும். பாதி வேலை ஆட்டோமேட்டிக்கா நடக்காது, மனுஷங்க கையால வால்வு திறக்கணும். ஒரு யூனிட்டுக்கு இது எப்பவாவதுதான் வரும், அதனால பழக்கமும் கம்மி. பழக்கம் இல்லாத இடத்துல காகிதத்தைத்தான் நம்பணும்.

என்னென்ன காகிதம்? எந்தக் குழாய் எங்கே போகுது, எந்த வால்வு எங்கே இருக்குன்னு காட்டுற வரைபடம். அதை 'பி அண்ட் ஐடி'ன்னு சொல்வாங்க. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டேட்டா ஷீட். எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம் செய்யணும்னு சொல்ற ஸ்டார்ட்அப் ப்ரொசீஜர். ஷிஃப்ட் மாறும்போது எழுதி வைக்கிற லாக்புக். இதுல மூணு காகிதம் ஒரே காலையில பொய்த்துப்போன கதையைத்தான் இப்ப சொல்லப்போறேன்.

டெக்சஸ் சிட்டி, 2005

2005 மார்ச் 23. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டெக்சஸ் சிட்டி. பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை. பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த ஒரு டவரை மறுபடி ஸ்டார்ட் பண்றாங்க. ராஃபினேட் ஸ்ப்ளிட்டர்னு பேர், உயரம் 170 அடி. உள்ளே வர்ற ஹைட்ரோகார்பன் திரவத்தைச் சூடாக்கி, லேசானதை மேலேயும் கனமானதை கீழேயும் பிரிக்கிறதுதான் அதோட வேலை. திரவம் அடியில சில அடி உயரத்துக்குத்தான் நிக்கணும்.

அதனால மட்டத்தை அளக்குற கருவியும் அடியில இருந்த 5 அடி தூரத்தை மட்டும்தான் பார்க்கும். 9 அடிக்கு மேலே திரவம் போனா அதுக்குக் கண்ணே கிடையாது.

முதல் காகிதம்: லாக்புக்

நைட் ஷிஃப்ட் ஆட்கள் டவரை நிரப்ப ஆரம்பிச்சாங்க. கருவி 99 சதவீதம் காட்டுற வரைக்கும் நிரப்பிட்டு நிறுத்தினாங்க. ப்ரொசீஜர்ல முடிச்ச படிகளுக்கு டிக் போடவே இல்லை. லாக்புக்ல ஒரே ஒரு வரி. யூனிட்டுக்குள்ள கொஞ்சம் ராஃபினேட் ஏத்தியிருக்குங்கிற அளவுக்குத்தான் அது சொன்னது. எவ்வளவு ஏத்தினோம், எந்த வால்வு எந்த நிலையில இருக்கு, அடுத்த படி என்ன? ஒண்ணும் இல்லை.

காலை ஷிஃப்ட்காரர் வந்து 9.51 மணிக்கு மறுபடி திரவத்தை உள்ளே விட்டார். அடியிலிருந்து திரவம் வெளியே போற வால்வு மூடியே இருந்தது. எந்த டேங்குக்கு அனுப்பணும்கிறதுல ஆளுக்கொரு தகவல். மூணு மணி நேரத்துக்கு மேல உள்ளே போய்க்கிட்டே இருந்தது, வெளியே எதுவும் வரலை. உள்ளே போற அளவும் வெளியே வர்ற அளவும் வேற வேற திரையில இருந்ததால, கணக்கு இடிக்குதுன்னு ஒரே பார்வையில தெரியவும் வழி இல்லை.

ரெண்டாவது காகிதம்: டேட்டா ஷீட்

அப்போ மட்டம் காட்டுற கருவி என்ன சொல்லியிருக்கணும்? நிறைஞ்சிருக்குன்னாவது சொல்லியிருக்கணும் இல்லையா? அது மட்டம் குறையுதுன்னு சொன்னது!

அந்தக் கருவி மிதப்பு விசையை வெச்சு அளக்குற வகை. முழுசா மூழ்கிட்ட பிறகு அது காட்டுறது மட்டத்தை இல்லை, திரவத்தோட அடர்த்தியைத்தான். டவர் சூடாக ஆக அடர்த்தி குறையும், மிதப்பும் குறையும், திரையில எண்ணும் இறங்கும். போதாக்குறைக்கு அதை அளவு திருத்தினப்போ பயன்படுத்தின டேட்டா ஷீட், அநேகமா 1975-ஐச் சேர்ந்தது. இப்போ டவருக்குள்ள இருக்கிற திரவத்துக்குப் பொருந்தாத அடர்த்தி எண் அதுல இருந்தது.

மதியம் 1.04. திரையில 78 சதவீதம், அதாவது 7.9 அடி. டவருக்குள்ள உண்மையில 158 அடி.

தனியா ஒரு உயர்மட்ட அலாரம் இருந்தது, அது அடிக்கலை. நேரா பார்க்குற கண்ணாடி இருந்தது, அழுக்குப் படிஞ்சு ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நேரத்துல திரவம் டவர் உச்சியைத் தாண்டி வழிஞ்சு, பாதுகாப்பு வால்வுகள் வழியா ஒரு பழைய புகைபோக்கிக்குப் போய், அது மேலேயிருந்து நீரூற்று மாதிரி கொட்டியது. 1.20-க்கு வெடிப்பு. 15 பேர் இறந்தாங்க, 180 பேர் காயம். இறந்தவங்க எல்லாரும் பக்கத்துல தற்காலிக டிரெய்லர் அறைகள்லயும் அதைச் சுத்தியும் இருந்த கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். இந்த டவரை ஸ்டார்ட் பண்றாங்கன்னுகூட அவங்களுக்கு யாரும் சொல்லலை.

மூணாவது காகிதம்: ப்ரொசீஜர்

இதுதான் எனக்கு முக்கியமான பகுதி. ப்ரொசீஜர் என்ன சொன்னது? மட்டத்தை 50 சதவீதத்துல வை, கன்ட்ரோலை ஆட்டோவுல போடு. ஆபரேட்டர்கள் கேட்கலை, அதுக்கு மேலே நிரப்பினாங்க. அப்ப தப்பு அவங்க மேலதானே?

இங்கதான் அமெரிக்காவின் ரசாயனப் பாதுகாப்பு விசாரணை வாரியம், சுருக்கமா சிஎஸ்பி, நல்ல கேள்வி கேட்டது. அதுக்கு முந்தின அஞ்சு வருஷத்துல அதே டவரை 19 தடவை ஸ்டார்ட் பண்ணின பதிவுகளை எடுத்துப் பார்த்தாங்க. பெரும்பாலான தடவை இதேதான் நடந்திருக்கு, மட்டம் கருவியோட எல்லையைத் தாண்டியிருக்கு. அதுக்கு ஒரு நியாயமான காரணமும் இருந்தது. ஸ்டார்ட்அப் நேரத்துல மட்டம் ஏறி இறங்கும். ரொம்ப இறங்கிட்டா ஃபர்னஸுக்குப் போற ஓட்டம் நின்னு ஃபர்னஸ் கெட்டுப்போகும். அதுக்குப் பயந்துதான் கொஞ்சம் கூடவே நிரப்பினாங்க.

யோசிச்சுப் பாருங்க. ஒரு ஆள் ஒரு தடவை மீறினா அது தவறு. எல்லா ஷிஃப்ட்டும் வருஷக்கணக்கா மீறினா, அது அந்த ப்ரொசீஜர் மேல போட்ட பக் ரிப்போர்ட். யாரும் அந்த டிக்கெட்டைத் திறக்கலை, அவ்வளவுதான். ஆனா ப்ரொசீஜர் சரியா, புதுசா இருக்குன்னு மேலாளர்கள் வருஷா வருஷம் கையெழுத்து மட்டும் போட்டுக்கிட்டே இருந்தாங்க. 1992-ல வந்த அமெரிக்கச் சட்டம் அந்த வருடாந்திரச் சான்றைக் கேட்குது. சட்டத்துக்குக் கையெழுத்து கிடைச்சது. ஆபரேட்டருக்கு உதவி கிடைக்கலை.

இப்படிப்பட்ட காகிதம், காகிதமே இல்லாததைவிட மோசம்னு நான் நினைக்கிறேன். காகிதம் இல்லைன்னா யாராவது பயப்படுவாங்க. பொய்யான காகிதம் இருந்தா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க.

அந்த போர்டு ஆபரேட்டரையும் பாருங்க. 29 நாளா விடுப்பே இல்லாம, தினம் 12 மணி நேர ஷிஃப்ட். ஒரே ஆள் மூணு யூனிட்டைப் பார்க்கணும். அந்த நிலையில இருக்கிற ஒரு மூளைக்காகத்தான் ப்ரொசீஜர் எழுதணும். ஏசி ரூம்ல காபி குடிச்சுக்கிட்டு நிதானமா படிக்கிறவருக்காக இல்லை.

அப்போ நல்ல காகிதம்னா எது?

மூணு விஷயம் சொல்லலாம். ஒண்ணு, செய்னு மட்டும் சொல்லாம ஏன்னும் சொல்லணும். "50 சதவீதத்துல வை"ன்னு எழுதினா போதாது. "9 அடிக்கு மேலே போனா இந்தக் கருவியை நம்பாதே, உள்ளே போறதையும் வெளியே வர்றதையும் கழிச்சுப் பாரு, இடிச்சா நிறுத்து"ன்னு இருந்திருந்தா அந்த மதியம் வேற மாதிரி போயிருக்கலாம்.

ரெண்டு, முடிச்ச படிக்கு அப்பவே கையெழுத்து. ஷிஃப்ட் மாறினாலும் ஆலை எங்கே நிக்குதுன்னு காகிதம் சொல்லணும்.

மூணு, மீறலைப் பதிவு பண்ண ஒரு இடம். "இந்தப் படி எனக்கு ஒத்துவரலை, இப்படிச் செஞ்சேன்"னு எழுதினா திட்டு விழக்கூடாது. அந்த வரியைப் படிச்சுட்டு ஒருத்தர் ப்ரொசீஜரை மாத்தணும், இல்லைன்னா ஃபர்னஸ் பிரச்சனையைச் சரிபண்ணணும்.

நம்ம ஆபீஸ்லயும் ரன்புக் இருக்கும். அதுல நாலாவது படியை எல்லாரும் தாண்டிப் போவாங்க, புதுசா வர்றவங்களுக்கு வாய்வழியா சொல்லிக்கொடுப்பாங்க. நீங்க எழுதுற கோடு ஒரு மருத்துவமனையிலயோ, பவர் கிரிட்லயோ, பேங்க்லயோ ஓடுச்சுன்னா அந்த நாலாவது படி சின்ன விஷயம் இல்லை. இந்த வாரம் உங்க டீம்ல ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம டாக்குமென்ட்ல இருக்கு, ஆனா யாருமே செய்யறதில்லை, அப்படி எது?" வர்ற பதிலை ஒரு டிக்கெட்டா போடுங்க.

சிஎஸ்பியோட விசாரணை அறிக்கை 2007-ல வந்தது, இணையத்துல இலவசமாவே கிடைக்குது. நேரம் இருந்தா படிங்க. யாரைத் திட்டலாம்னு தேடாம, எப்படி நடந்ததுன்னு தேடுற எழுத்து எப்படி இருக்கும்னு தெரியும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.