ஓட்டுநருக்கும் ஓய்வு



மீஞ்சூர் வெயிலையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் இரண்டு நாள் மறந்திருக்க, சில குடும்பங்களாகச் சேர்ந்து கொடைக்கானல் சென்றோம். ஏறத்தாழ 7,000 அடி உயரம், 1863இல் உருவாக்கிய ஏரி, நல்ல குளிர்.

மறுநாள் காலை வேனருகே வந்தோம். ஓட்டுநர் இருக்கையிலேயே சுருண்டு கிடந்தார். “வண்டியிலேயே படுத்துக்கிட்டேன், பரவாயில்லைங்க” என்றார். எங்களுக்கு அறை எடுத்தோம், அவரை மறந்துவிட்டோம்.

அங்கிருந்து சலேத் மாதா ஆலயம் போனோம். 1846 செப்டம்பர் 19 அன்று, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்னும் ஊரில், மாடு மேய்த்த இரு பிள்ளைகளுக்கு அன்னை கண்ணீரோடு காட்சி தந்தார். மக்கள் ஞாயிறு ஓய்வை மதிப்பதில்லை என்பதும் அவரது வேதனைகளுள் ஒன்று. இணைச் சட்டம் 5ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாள் வேலையாள்களுக்கும் அந்நியருக்கும் மாட்டுக்கும்கூட உரியது என்கிறார் ஆண்டவர். மாட்டை நினைத்தவர் அவர். மனிதரை மறந்தவர்கள் நாங்கள்.

அன்றிரவு ஓட்டுநருக்கும் அறை எடுத்தோம். ஒன்றாக அமர்ந்து சாப்பிட்டோம்.

அன்பார்ந்தவர்களே, கோடைப் பயணத்துக்குப் பணம் சேர்க்கையில் ஓட்டுநரின் கட்டிலையும் கணக்கில் எழுதுவோம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் ஞாயிறு உண்டு என்பதை நினைப்போம். பிறருக்கும் ஓய்வு தரும் மனத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.