‘ஆண் ஹார்மோன்’ செய்யும் குழப்பம்

“பொண்ணுங்க மூளைக்குக் கணக்கு வராது, ஹார்மோன் அப்படி”ன்னு சொல்ற ரீல்ஸ் உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். ஹார்மோன் மூளையை மாத்துமா? மாத்தும். ஆனா எதை, எப்போ? இன்னைக்கு அதைப் பேசுவோம்.

1959-ல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்துல ஒரு குழு, கர்ப்பமா இருந்த கினிப் பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டாங்க. பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்ததும், இனச்சேர்க்கையில ஆணைப் போல நடந்துகொண்டன. வளர்ந்த பெண் விலங்குக்கு அதே ஊசி போட்டா, இந்த நிரந்தர மாற்றம் வரலை. பச்சை மண் பானையில விரல் பட்டா தடம் நிக்கும். சுட்ட பிறகு நிக்காது. மூளைக்கும் அப்படி ஒரு பருவம் இருக்கு.

அடுத்ததுதான் ஆச்சரியம். எலிகள்ல, டெஸ்டோஸ்டிரோன் மூளைக்குள்ள போனதும் அரோமட்டேஸ்ங்கிற நொதி அதை எஸ்ட்ரடையோலா மாத்துது. ஆமா, நாம ‘பெண் ஹார்மோன்’னு சொல்றோமே, அதுதான். ஆண் எலியின் மூளையைப் பெருமளவு ஆண் பக்கம் திருப்புறது அந்தப் ‘பெண் ஹார்மோன்’! அப்போ பெண் குட்டிகள்? ரத்தத்துல இருக்கிற ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், எஸ்ட்ரடையோலைப் பிடிச்சு வச்சு மூளைக்குள்ள விடாம தடுக்குது.

மனிதர்கள்ல கதை வேற. சிலருக்கு XY குரோமோசோம் இருக்கும், டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கும். ஆனா அதை உணரும் ஏற்பிகள் வேலை செய்யாது. இவங்கள்ல பெரும்பாலோர் பெண்களாகவே தங்களை உணர்ந்து வாழ்றாங்க. அதனால நமக்கு எலியின் வழியைவிட, டெஸ்டோஸ்டிரோன் நேரடியா வேலை செய்ற வழிதான் முக்கியம்னு கருதுறாங்க.

சரி, அப்போ ‘ஆண் மூளை’, ‘பெண் மூளை’ன்னு ரெண்டு வகை இருக்கா? டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டாஃப்னா ஜோயல் குழு, 1,400-க்கும் மேற்பட்ட மூளைகளின் ஸ்கேன்களைப் பார்த்து 2015-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. சராசரியில் வித்தியாசம் உண்டு. ஆனா ஒரு தனி மூளையை எடுத்தா, முழுக்க ஒரே பக்கம் சாய்ந்தவை ரொம்பக் குறைவு. பெரும்பாலானவை கலவை.

கினிப் பன்றி சோதனை காட்டியது இனச்சேர்க்கை நடத்தையை. அங்கிருந்து ஒரு பொண்ணு பிளஸ் ஒன்ல எந்த குரூப் எடுக்கணும்ங்கிற முடிவுக்குத் தாவ முடியாது. அடுத்த முறை அந்த ரீல்ஸை யாராவது அனுப்பினா, “எந்த ஹார்மோன், எந்தப் பருவத்துல, எந்த விலங்குல?”ன்னு கேளுங்க.