நாடியில் பேசுவது யார்?

(உத்தமபாளையத்தில் நடந்த பகுத்தறிவுக் கூட்டம் ஒன்றில் பேசிய பேச்சின் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் சாமியைப் பற்றியதுமல்ல, ஜாதியைப் பற்றியதுமல்ல. அக்குபங்சர் என்கிற சீன வைத்தியத்தைப் பற்றியதாகும். இதில் சுயமரியாதைக்காரனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக் கூடும். வேலை இருக்கிறது. இந்த வைத்தியம் நம் பள்ளத்தாக்குக்கு இன்று அன்னியமல்ல. கம்பத்து எழுத்தாளர் உமர் பாரூக் இதைப் பற்றித் தமிழில் புத்தகங்கள் எழுதியிருக்கிறார். நாடி பார்த்து, ஒரு விரலால் தொட்டே நோயைத் தீர்ப்பதாகச் சொல்லுவோரும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கருப்புச் சட்டையோடே போய்க் கையை நீட்டுகிற தோழர்களையும் நாம் அறிவோம். 'பார்ப்பான் சொன்னதல்லவே, சீனன் சொன்னதுதானே' என்று அவர்கள் நமக்குச் சமாதானமும் சொல்லுகிறார்கள்!

சர்க்காரே ஒப்புக் கொண்டதாயிற்றே என்கிறார்கள். உண்மைதான். 2003-இல் இதை ஒரு சிகிச்சை வழி என்றும், 2019-இல் தனி முறை என்றும் மத்திய சர்க்கார் ஒப்புக் கொண்டது. ஆனால் ஜோதிடத்தைச் சர்வகலாசாலையில் பாடமாக வைக்கலாம் என்று 2001-இல் புறப்பட்டதும் அதே டில்லிதான். ஆகவே டில்லியின் முத்திரையை ஒருபுறம் வைத்துவிட்டு விஷயத்தைப் பார்ப்போம்.

சீன வைத்தியன் நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறான்? பார்ப்பது, கேட்பதும் முகர்வதும், விசாரிப்பது, தொடுவது என்று நான்கு வழி சொல்லுகிறார்கள். நாக்கின் நிறத்தைப் பார்க்கிறான். தூக்கம், பசி, மலம் எல்லாம் விசாரிக்கிறான். இவையெல்லாம் எந்த நல்ல வைத்தியனும் செய்யத் தக்கதே. நமக்கு ஆட்சேபணை இல்லை. பிறகு மணிக்கட்டில் மூன்று விரலை வைக்கிறான். அங்கேதான் நமக்குச் சந்தேகம் ஆரம்பமாகிறது.

இடது கையில் முதல் விரலுக்குக் கீழே இருதயம், நடு விரலில் கல்லீரல், மூன்றாவதில் சிறுநீரகம். வலது கையில் முதல் விரலில் நுரையீரல், நடு விரலில் மண்ணீரல் என்கிறது சீன சாஸ்திரம். நம் சித்த வைத்தியரும் அதே இடத்தில் அதே மூன்று விரலைத்தான் வைக்கிறார். அவருக்கோ முதல் விரலில் வாதம், நடு விரலில் பித்தம், மூன்றாவதில் கபம். அதிலும் ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை! தோழர்களே, ரத்தக் குழாய் ஒன்று. அதில் ரத்தத்தைத் தள்ளுகிற இருதயமும் ஒன்று. சீனன் விரல் வைத்தால் கல்லீரல் பேசுகிறது, தமிழன் விரல் வைத்தால் பித்தம் பேசுகிறது என்றால் பேசுவது நாடியா, அவரவர் படித்த ஏடா? நாடி சொல்லக் கூடியது உண்டு. வேகம், ஒழுங்கு, பலம் ஆகியவற்றை அது சொல்லும். காய்ச்சலையும் இருதயம் தாறுமாறாய் அடிப்பதையும் காட்டிக் கொடுக்கும். அது பெரிய உதவிதான். ஆனால் சர்க்கரை எவ்வளவு என்று அது சொல்லாது.

பூதங்கள் சங்கதியும் அப்படியே. நமக்கு மண், நீர், தீ, காற்று, வெளி. அவர்களுக்கு மரம், தீ, மண், உலோகம், நீர். இமயமலையைத் தாண்டியதும் மனித உடம்பிலிருந்து காற்றும் வெளியும் போய் மரமும் உலோகமும் வந்து விடுமா? ஊசி குத்தும் புள்ளிகள் 365 என்று அவர்களுடைய பழைய நூல் சொல்லுகிறது. வருஷத்துக்கு 365 நாள் அல்லவா! உடம்பை அறுத்துப் பார்த்து எண்ணியதாக இது தோன்றவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து எண்ணியதாகத்தான் தோன்றுகிறது.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. சீனாவின் பெரிய எழுத்தாளர் லூ சுன் சிறுவனாயிருந்தபோது அவர் தகப்பனாருக்கு உடம்பு வீங்கிற்று. பேர்பெற்ற வைத்தியர்கள் வந்தார்கள். மருந்தோடு சேர்க்க ஒரு ஜோடி சிள்வண்டு வேண்டும் என்றார்கள். அதுவும் முதல் தாரத்தோடு வாழ்கிற ஜோடியாய் இருக்க வேண்டுமாம்! பூச்சிக்கும் பதிவிரதா தர்மம்! வயிறு மத்தளம் போல் வீங்குகிற நோய்க்கு, கிழிந்த மத்தளத் தோலில் செய்த மாத்திரை கொடுத்தார்கள். 1896-இல் தகப்பனார் இறந்து போனார். மகன் ஜப்பானுக்குப் போய் நவீன வைத்தியம் படிக்கச் சேர்ந்தார்.

சரி, ஊசி குத்தினால் வலி குறைகிறதே என்பீர்கள். குறைகிறது. நாமே ஒரு முறை தோள்வலிக்குக் குத்திக் கொண்டோம், குறைந்தது. (மூன்று வாரம் சென்றால் தானாகவும் குறைந்திருக்கும் என்பது வேறு விஷயம்.) ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களை மூன்று பிரிவாக்கி 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குச் சாஸ்திரப்படி குத்தினார்கள். இன்னொன்றுக்குப் புள்ளியே இல்லாத இடத்தில் லேசாகக் குத்தினார்கள். மூன்றாவதற்கு வழக்கமான வைத்தியம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சாஸ்திரப்படி குத்தியதில் 100-க்கு 47.6 பேருக்குக் குணம். கண்ட இடத்தில் குத்தியதில் 44.2, வழக்கமான வைத்தியத்தில் 27.4. வலி குறைந்தது பொய்யல்ல. ஆனால் எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், அந்த 365 புள்ளிக்கும் நாடிக்கும் அங்கே என்ன வேலை என்று கேட்கிறோம்.

சீன வைத்தியத்தில் எதுவுமே இல்லை என்றும் நாம் சொல்ல வரவில்லை. 1887 முதல் 1895 வரை பெரியாற்று அணை கட்டப்பட்டதே, அந்தக் காட்டில் மலேரியாவிலும் காலராவிலும் மடிந்த கூலிகள் அநேகர். அவர்கள் போட்ட அணையின் தண்ணீரில்தான் இந்தப் பள்ளத்தாக்கு இரு போகம் விளைகிறது. அந்த மலேரியாவுக்கு இன்று உலகமெங்கும் கொடுக்கிற மருந்தைக் கண்டுபிடித்தவர் தூ யூயூ என்கிற சீனப் பெண்மணி. மாசிபத்திரி இனத்துச் செடியில் அது இருக்கிறது. செடியைக் காய்ச்சினால் குணம் நிற்கவில்லை. நாலாம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய ஏட்டில், தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றிருந்தது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அந்த அம்மாளுக்குத் தோன்றியது. சூடில்லாமல் ஈதரில் இறக்கினார், பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், 1972-இல் முதலில் தாமே குடித்தும் பார்த்தார். 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏட்டில் இருக்கிறது என்பதற்காக அவர் ஏற்கவில்லை. ஏட்டில் ஒரு வரியை எடுத்துச் சோதித்தார்.

நமக்குத் தெரிந்த ஓர் அம்மாள் தினம் விடியுமுன் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். நாடி பார்த்த ஒருவர், 'மாத்திரைதான் உனக்கு நோய், நிறுத்து' என்றார். எட்டு மாதம் நிறுத்தினார். காலில் முள் குத்திய புண் ஆறவில்லை. இரண்டு விரலை எடுத்து விட்டார்கள். 'ஏனம்மா அங்கே போனாய்?' என்று கேட்டோம். 'ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்து மாத்திரை எழுதுவாங்க, என் மூஞ்சியைப் பார்க்க மாட்டாங்க. அவரு கால்மணி நேரம் கையைப் பிடிச்சு, சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேட்டாருய்யா' என்றார். இதற்கு நம்மிடம் பதில் இல்லை, தோழர்களே. படித்த டாக்டர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கையைப் பிடித்து விசாரிக்க எந்தச் சாஸ்திரமும் தேவையில்லையே! ஆனால் அன்பாய்க் கேட்டவர் சொன்ன வார்த்தைதான் அவருடைய விரலைக் கொண்டு போயிற்று. மாத்திரையை நிறுத்தும் முன் ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது வீடு தேடி வந்தே மருந்து கொடுக்கும் திட்டம் 2021 முதல் நடக்கிறது. அந்த அம்மாள் அதில் வாங்கிச் சாப்பிடுகிறார். மலைக்குத்தான் போக முடியவில்லை.

கேள்விச் சீட்டுகள் நாலைந்து வந்திருக்கின்றன. ஒன்றில், 'நான் அக்குபங்சர் வைத்தியன், உமக்குப் பதில் சொல்ல இடம் தருவீரா?' என்று கண்டிருக்கிறது. தாராளமாக மேடைக்கு வரட்டும். நம் நேரத்தில் பத்து நிமிஷம் அவருக்கு விட்டுக் கொடுத்து உட்காருகிறோம்.