எடை குறைக்க அறுவை சிகிச்சை: கையெழுத்துப் போடும் முன்...

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட மாலை நேரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓதிக் கொடுக்கிற ஹஸரத்துக்கு வயிற்று ஆபரேஷனில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் டாக்டருக்குப் படித்தவன் அல்ல. ஆனால் கடந்த ஓராண்டில் மட்டும் மூன்று பேர் ஒரே விதமான நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்கள். "நான்கு சிறு துளைகள், இரண்டு நாள் படுக்கை, சுகருக்கு நிரந்தர விடுதலை" என்று அச்சடித்த நோட்டீஸ். ஒருவர் அதற்காகக் கடையின் மேல்மாடியை விற்கத் தயாராக இருந்தார். இன்னொருவர் மகளுக்காகக் கேட்டார். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதைத்தான் உங்கள் முன் சேர்த்துச் சொல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறீர்கள். இடையில் ஏழு டீ, எட்டு டீ. ஞாயிற்றுக்கிழமை வலீமா விருந்து. தொந்தி வராமல் என்ன செய்யும்? இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. பருமனும் சுகரும் பிரஷரும் நம் மக்களை ஐம்பது வயதிலேயே வீழ்த்துகின்றன. ஆகவே இந்த அறுவை சிகிச்சையே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய ஓர் ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டாயிரம் பேரையும், செய்துகொள்ளாத அதே அளவு பருமனானவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆபரேஷன் செய்தவர்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2020இல் கணக்குச் சொன்னார்கள். எனவே பயன் உண்டு. யாருக்கு, எந்த ஆபரேஷன், என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி.

ஸ்லீவா? பைபாஸா?

'எடை குறைக்கும் ஆபரேஷன்' என்று ஒன்று கிடையாது. பல இருக்கின்றன. நம் ஊர்களில் அதிகம் பேசப்படுவது ஸ்லீவ். ஸ்லீவ் என்றால் சட்டைக் கை. ஜவுளிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பை போல் இருக்கும் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைச் சட்டைக் கை போல ஒரு நீளக் குழாயாக விட்டுவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுத்த பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் பசியும் குறைகிறது. குடலில் கை வைப்பதில்லை. ஆபரேஷன் நேரம் குறைவு. இவை இதன் நன்மைகள்.

தீமை என்ன? வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. தைத்த நீளக் கோட்டில் எங்காவது கசிந்தால் அது உயிருக்கு ஆபத்து. மாதக்கணக்கில் படுக்க வைத்துவிடும். மூன்றாவதுதான் நோட்டீஸில் வராதது: நெஞ்செரிச்சல். குழாய்க்குள் அழுத்தம் கூடி, அமிலம் மேலே ஏறுகிறது. சுவிட்சர்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருந்தவர்களில், ஸ்லீவ் செய்த நூறு பேரில் 32 பேருக்கு அது மோசமானது. பைபாஸ் செய்தவர்களில் 6 பேருக்குத்தான் அப்படி ஆனது.

பைபாஸ் என்றதும் இருதய பைபாஸை நினைத்துவிடாதீர்கள். இது வேறு. இரைப்பையின் மேல் முனையில் இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி அளவுக்கு ஒரு சிறு பை செய்து, சிறுகுடலை மேலே கொண்டுவந்து அதில் இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும். ஆனால் உணவு அந்தப் பக்கம் போகாது. அமெரிக்காவில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் 1960களில் தொடங்கிவைத்த முறை இது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்து பார்த்தது. சுகர் உள்ளவருக்கும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கும் பெரும்பாலும் இதுவே பொருத்தம்.

ஆனால் இதன் பின்விளைவுகளும் கடுமை. இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால் வியர்த்துக்கொட்டும், படபடக்கும், வயிற்றைக் கலக்கும். நோன்பு திறந்ததும் ஒரு பெரிய கிளாஸ் சர்பத்தை மடமடவென்று குடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அது முடிந்த கதை. இரும்புச்சத்து, கால்சியம், பி12 ஆகியவை உடலில் சரியாகச் சேராது. மரணம் வரை மாத்திரை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிற மூட்டுவலி மாத்திரையும் சிகரெட்டும் இணைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கும். ஆண்டுகள் கழித்துக்கூட உள்ளே குடல் சிக்கிக்கொள்ளலாம். பைபாஸ் செய்தவருக்குத் திடீரென்று கடும் வயிற்றுவலி வந்தால் 'கேஸ் பிடித்திருக்கிறது' என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரி. அங்கே முதல் வார்த்தையாக "எனக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது" என்று சொல்ல வேண்டும்.

மற்றவை

மினி பைபாஸ் என்று ஒன்று உண்டு. இரண்டு இணைப்புக்குப் பதில் ஒரே இணைப்பு. நம் நாட்டில் நிறையச் செய்கிறார்கள். எடை நன்றாகவே குறையும். பித்தநீர் மேலே வரும் தொல்லையும், சத்துக் குறைவும் வயிற்றுப்போக்கும் கூடுதல். டியோடினல் ஸ்விட்ச் என்பது எல்லாவற்றிலும் பலமானது. புரதச் சத்தே போதாமல் போகும் அளவுக்குப் பலமானது. செக்கப்புக்கு ஒழுங்காகப் போகாதவர் அதன் பக்கம் போகவே கூடாது. நம்மில் எத்தனை பேர் ஒழுங்காகப் போகிறோம்?

பேண்ட் என்று சிலிகான் வளையத்தை இரைப்பையில் மாட்டுவார்கள். வெட்டுவது இல்லை, வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம் என்று ஒரு காலத்தில் பெரிய வரவேற்பு. பிறகு பார்த்தால் நழுவுகிறது, இரைப்பையை அரிக்கிறது, எடையும் போதிய அளவு இறங்கவில்லை. போட்டதை எடுப்பதற்கே மறு ஆபரேஷன். இப்போது பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். பலூன் அறுவை சிகிச்சையே அல்ல. ஆறு மாதம் வரை வயிற்றில் இருக்கும். எடுத்த பின் எடை ஏறுவதைத் தடுக்க அதனால் முடியாது.

நூறு கிலோ எடையுள்ள மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2018இல் வெளியான பெரிய ஆய்வின்படி, ஐந்து ஆண்டு கழித்து பைபாஸ் செய்தவர் சராசரியாக 25 கிலோ குறைந்திருந்தார். ஸ்லீவ் செய்தவர் 19. பேண்ட் போட்டவர் 12. முதல் ஆண்டுப் படத்தைக் காட்டி விற்கிறவர்களிடம் ஐந்தாம் ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். வியாபாரிகளாயிற்றே, கேட்கத் தெரியாதா?

அந்த 'நிரந்தர விடுதலை' விஷயத்துக்கும் கணக்கு இருக்கிறது. சுகர் உள்ள 150 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017இல் வந்தது. மூன்று மாதச் சராசரி சுகர் 6க்குள் வந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 5, ஸ்லீவில் 23, பைபாஸில் 29. மருந்தை விட ஐந்து மடங்கு மேல் என்பது சாதாரணமல்ல. ஆனால் மீதி எழுபது பேர்? சுகர் வந்து பல ஆண்டுகள் ஆகி இன்சுலின் போடுகிறவருக்கு வாய்ப்பு இன்னும் குறைவு. 'நிரந்தரம்' என்று எழுதியவர் இதைப் படித்திருக்க வேண்டும். படித்துவிட்டே எழுதினாரோ என்னவோ!

ஆபத்து எவ்வளவு? அனுபவமுள்ள அமெரிக்க மையங்களில் எடுத்த கணக்கு 2009இல் வந்தது: முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். குறைவுதான். ஆனால் அந்தக் கணக்கு எல்லா வசதியும் உள்ள இடத்துடையது. 2024இல் சென்னைப் புறநகரில் இந்தச் சிகிச்சைக்குப் போன இளைஞர் ஒருவர் உயிரிழந்ததும், அரசு விசாரணை நடந்ததும் பத்திரிகைகளில் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, இரவில் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, இந்த சர்ஜன் இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

யாருக்குத் தகும்?

எடையை கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் 1991இல் 40 என்றது. நோய்கள் இருந்தால் 35. 2022இல் சர்வதேச சர்ஜன் அமைப்புகள் அதைத் தளர்த்தின. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5 இருந்தாலே யோசிக்கலாம் என்கின்றன. ஆனால் இன்ஷூரன்ஸ்? நம் நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியில் இன்னும் 40, அல்லது கடும் நோயுடன் 35. அதற்குக் கீழே இருப்பவர் முழுப் பணத்தையும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். பாலிசியின் காத்திருப்புக் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்ற வாய் வார்த்தையை நம்பி அட்மிட் ஆகாதீர்கள்.

ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ, ஜூனில் வெகோவி நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. வெகோவி சராசரியாக நூற்றுக்கு 15, மௌஞ்சாரோ அதிக அளவில் நூற்றுக்கு 20 எடையைக் குறைத்ததாக ஆய்வுகள் உள்ளன. நிறுத்தினால்? வெகோவியின் மருந்தை நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஆபரேஷனுக்கு அஞ்சுகிறவர் டாக்டரிடம் முதலில் இதைக் கேட்கலாம். மாதாமாதம் செலவு என்பதையும் கூட்டிப் பாருங்கள்.

மகளுக்காகக் கேட்ட தந்தையைச் சொன்னேன் அல்லவா? நான்கு மாதத்தில் நிக்காஹ். அதற்குள் ஸ்லீவ் செய்துவிடலாமா என்றார். பெண்ணுக்கு சுகர் இல்லை, பிரஷர் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். நான் அவரிடம் கேட்டேன்: "ஆபரேஷனுக்குப் பிறகு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கர்ப்பம் தரிக்கக் கூடாது என்கிறார்கள். இதை மாப்பிள்ளையிடம் சொல்வீர்களா?" அவரிடம் பதில் இல்லை. எடை வேகமாகக் குறையும்போது சத்துக் குறைவாக இருக்கும். வயிற்றில் வளரும் பிள்ளைக்கு அது ஆகாது. அதே நேரத்தில் எடை குறைந்ததும் கரு தங்கும் வாய்ப்பு திடீரென்று கூடுகிறது. புது மணப்பெண் புகுந்த வீட்டில் மறைத்து மறைத்து மாத்திரை சாப்பிட வேண்டும். விருந்துக்கு விருந்து "இன்னும் ஒரு கை வைம்மா" என்று மாமியார் தட்டில் அள்ளி வைப்பார். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை என்றார். சகோதரர்களே, அடுத்தவர் வாய்க்கு அஞ்சி நம் பிள்ளையின் வயிற்றை வெட்டலாமா?

நோன்பைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆபரேஷன் முடிந்த முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் தண்ணீரே சிறுகச் சிறுகத்தான் குடிக்க முடியும். பகல் முழுதும் நிறுத்தினால் உடல் வறண்டுவிடும். டாக்டர் அனுமதிக்கும் வரை காத்திருங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை நாமாகப் பறிக்க வேண்டாம்.

மச்சான் கதை

கடைசியாக என் மச்சான். மளிகை மொத்த வியாபாரம். 165 சென்டிமீட்டர் உயரம், 118 கிலோ எடை, பன்னிரண்டு வருட சுகர், இன்சுலின் ஊசி. ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கால் மணி நேரத்தில் ஸ்லீவ் என்று சொல்லி, தேதியும் கொடுத்து, முன்பணமும் கேட்டார்கள். கூட இருந்த என் தங்கைதான், "இவர் ரெண்டு தலையணை வெச்சுத்தானே தூங்குறார், அதைச் சொல்லலையே" என்றாள். அங்கே யாரும் அதைக் கேட்கவே இல்லை. வேறு டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே ராத்திரி நெஞ்செரிச்சல் உண்டா என்பதுதான். எண்டோஸ்கோபி செய்தார். இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறியிருந்தது. ஸ்லீவ் வேண்டாம், பைபாஸ் என்றார். சுகர் முழுதாகப் போகும் என்று வாக்குத் தர மாட்டேன் என்றும் சொன்னார். அந்த வார்த்தைக்காகவே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

மூன்று ஆண்டு ஆகிறது. இப்போது 86 கிலோ. இன்சுலின் நின்றுவிட்டது, சுகர் மாத்திரை ஒன்று மட்டும் தொடர்கிறது. ஒரு தலையணைதான். ஆனால் இரண்டாம் ஆண்டில் 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டார். ஆறு மாதத்தில் கால் விரல்கள் மரத்துப்போயின. ரத்தத்தில் பி12 கீழே போயிருந்தது. ஊசி போட்டுச் சரிசெய்ய மாதங்கள் ஆயின. இடது கால் சுண்டுவிரலில் இன்னும் முழு உணர்வு வரவில்லை.

இப்போது மாத்திரை டப்பாவைச் சில்லறைக் காசு போடும் அறைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். கடை திறந்து முதல் போணிக்கு முன் அதைத்தான் எடுக்கிறார். அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதி என்று கடைப் பையனுக்கும் தெரியும்.