முடக்குவாதமும் மெல்லப் பயன்தரும் மருந்தும்



நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு வருகின்ற நோயாளி விடியுமுன்னே எழுதல் வேண்டும். குறிகட்டுவான் துறைவரை ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். அதன்பின் புங்குடுதீவு, வேலணை வழியாகப் பஸ். கிளினிக்கிலே நெடுநேரம் காத்திருந்து உள்ளே சென்றதும், வைத்தியர் கேட்பது பெரும்பாலும் ஒரு கேள்விதான்: "எப்படி, இப்ப சுகமா?" விடையும் ஒன்றுதான்: "அப்பிடியேதான் இருக்கு, ஐயா." பல்லாண்டு உண்ணவேண்டிய மருந்தொன்று தொடர்வதும் நிற்பதும் இந்த ஒரு வினாவிடையால் முடிவாகிவிடுகின்றது. முடக்குவாதத்திற்கு இது போதாது.

நம் சித்த வைத்திய நூல்கள் வாதநோயை எண்பதாக வகுத்தன. அவற்றுள் எதனை இந்நோயுடன் பொருத்துவது என்பதை அறிஞர்க்கு விட்டுவிடுவோம். இன்றைய வைத்தியர் முடக்குவாதம் எனக் கூறுவது, உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுக்களின் உட்சவ்வைத் தாக்கி வீங்கச் செய்யும் நோயை. கை விரல்களும் மணிக்கட்டும் இருபுறமும் ஒருங்கே வீங்கும். காலையில் எழுந்தால் மூட்டுக்கள் நெடுநேரம் மடங்கா. வயதினாலும் உழைப்பினாலும் முழங்கால் தேய்வது வேறு நோய்.

இதற்கு இருவகை மருந்துகள் உள. வலியை அடக்குவன சில. நோயையே அடக்குவன வேறு சில. மெதோட்ரெக்சேற், சல்பசலசீன், ஹைட்ரொக்சிக்குளோரோகுயின் ஆகியன இரண்டாம் வகை. இவை வலி நரம்பைத் தொடுவதில்லை. மூட்டை வீங்கச் செய்யும் உயிரணுக்களின் வேகத்தைத் தணிக்கின்றன. தடித்த சவ்வு வற்றுவதற்குக் காலம் வேண்டும். மெதோட்ரெக்சேற் பயன் காட்டத் தொடங்க 6 முதல் 12 வாரம் ஆகும். ஹைட்ரொக்சிக்குளோரோகுயினுக்கு அதனினும் கூடிய காலம் செல்லலாம்.

விரைந்து வேலை செய்யும் மருந்தும் உண்டு. 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்பார் கோர்ட்டிசோனைக் கொடுத்தபோது, முடங்கிக் கிடந்த பெண்ணொருவர் சில நாட்களிலேயே எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்சுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் நெடுநாள் கொடுக்க எலும்பு நொய்ந்தது, இரத்தத்திற் சீனி ஏறியது. இன்று அவ்வகை மருந்தைச் சில வாரம் மட்டும், மெல்லச் செய்யும் மருந்து பலிக்கும்வரை ஒரு பாலமாகக் கொடுப்பர். இங்கேதான் மயக்கம் பிறக்கின்றது. முதல் வாரத்துச் சுகம் அந்தப் பாலத்தினால் வந்தது. பாலத்தை எடுத்ததும் வலி திரும்புகின்றது. நோயாளியோ, "முந்தி கேட்ட மருந்து இப்ப கேட்கவில்லை" என்று இரண்டையும் எறிந்துவிடுகிறார்.

மற்றொரு மயக்கமும் உண்டு. இந்நோய் அலைபோல ஏறி இறங்குவது. நாம் வைத்தியரைத் தேடி ஓடுவது அலை ஏறி நிற்கும் வேளையில். பின்பு அது தானாக இறங்கினாலும், புகழ் இடையிற் கொடுத்த மருந்துக்கோ எண்ணெய்க்கோ சென்றுவிடும். வைத்தியரும் இதில் மயங்கியவரே. 1920களின் இறுதியில் பிரான்சிய வைத்தியர் ஜாக் பொரெஸ்தியே, முடக்குவாதம் கசரோகத்தை ஒத்ததென நினைந்து தங்க உப்பை ஊசிமூலம் ஏற்றினார். நினைப்புப் பிழை, பயனோ இருந்தது. இருந்ததா இல்லையா என்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் வழக்காடினார்கள். நோயாளரை இரு கூறாக்கி, யாருக்கு எது ஏற்றப்பட்டது என்பதை மறைத்து, மூட்டுக்களை எண்ணிப் பார்த்த பிரித்தானியப் பரிசோதனை 1960இல் வெளிவந்த பின்னரே தங்கத்தின் பயன் உறுதியாயிற்று.

ஆகவே எண்ணுதல் வேண்டும். வைத்தியர் தோள் தொடங்கி முழங்கால் வரை 28 மூட்டுக்களைத் தொட்டு, வீங்கியவை எத்தனை, நோவன எத்தனை என்று எண்ணுவார், இரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்ப்பார். இரத்தச்சோகையும் காய்ச்சலும் ஈ.எஸ்.ஆரை உயர்த்துமாதலால், அந்த ஓர் இலக்கத்தை மட்டும் நம்புவதற்கில்லை. எஞ்சியதை வீட்டிலேதான் அறியலாம். ஒரு கொப்பி போதும். கிழமைக்கு ஒருநாள், அதே நாளில், மூன்றை எழுதுங்கள்: காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடம் சென்றது, அக்கிழமை எத்தனை வலிக்குளிசை எடுத்தீர்கள், வழக்கமான வேலையொன்றை எவ்வளவு செய்தீர்கள். பெட்டி இழைக்கும் பெண்ணுக்கு ஓலை வார்தல், கடற்றொழிலாளிக்கு வலையின் கிழிசலைப் பொத்துதல், எவருக்கும் ஈரச்சீலை பிழிதல். "அப்பிடியேதான்" என்று சொன்னவரின் கொப்பியில் இரண்டு மணிநேர விறைப்பு முக்கால் மணியாகக் குறைந்திருத்தல் கூடும். வலி அப்படியே இருந்தும் குளிசை பாதியாகியிருந்தால், அதுவும் முன்னேற்றமே. முன்னரே கோணிய விரலை எம்மருந்தும் நிமிர்த்தாது; அதனைக் கொண்டு மருந்தைப் பழித்தல் முறையன்று.

பொறுமைக்கும் எல்லை உண்டு. மூன்று மாதத்தில் தக்க மாற்றம் இல்லையெனில், அல்லது ஆறு மாதத்தில் நோய் அடங்கவில்லையெனில், அளவையோ மருந்தையோ மாற்றவேண்டும் என்பது இன்றைய வைத்திய விதி. 2004இல் வெளியான கிளாஸ்கோ நகரத்து ஆய்வொன்றில், மாதந்தோறும் மூட்டெண்ணி மருந்தை மாற்றப்பெற்றவர்கள் வழமையான கவனிப்புப் பெற்றவர்களிலும் மிக நன்றாகத் தேறினர். புதுமருந்து எதுவும் அதிலில்லை. வேலை செய்யாத மருந்தை மரியாதைக்காக ஓராண்டு விழுங்குவோரும் நம்மிடையே உளர். அந்த ஓராண்டில் எலும்பு அரிக்கப்பட்டுவிடும்.

மெதோட்ரெக்சேற் உண்போர்க்கு ஒன்று சொல்லவேண்டும். அது கிழமைக்கு ஒரேயொரு நாள் மட்டும் உண்பது. நாள்தோறும் உண்டு இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. வெள்ளியானால் வெள்ளியென்று கொப்பியின் மேலட்டையிலேயே எழுதிவையுங்கள். குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனையும் செய்தல் வேண்டும். கருவுற்றிருப்போரும் கருவுற எண்ணுவோரும் அதனை உண்ணலாகாது.

வாடைக்காற்றுக் காலத்திற் படகு ஓடாத நாட்கள் வரும். ஐப்பசிக் கிளினிக்கிலேயே இதனை வைத்தியரிடம் சொல்லி, மேலும் சில கிழமைக்கு மருந்து கேட்டுப் பெறுங்கள். கடல் கொந்தளித்து நீங்கள் போகமுடியாத கிழமையிலும், கொப்பியில் அந்த நாளுக்குரிய மூன்று இலக்கங்களையும் எழுதிவையுங்கள். அடுத்த முறை வைத்தியர் முதலிற் பார்க்கவேண்டியது அவற்றைத்தான்.