தறி கற்பித்த பாடம்



மருதமுனைக் கைத்தறிகளை அருகில் நின்று பார்த்தவர்கள் ஒன்றை அறிவர். பாவிலே ஓரிழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்துவார். இழையை முடிந்த பின்னரே மீண்டும் நெய்வார். தொடக்ககால விசைத்தறிகள் பலவற்றுக்கு இச்சிறு விவேகம் இருக்கவில்லை. இழை அறுந்த பின்னும் அவை ஓடின. பழுதான துணியே வளர்ந்தது.

இக்குறையைத் தீர்க்க உழைத்தவருள் ஒருவர் யப்பானியரான சாகிச்சி டொயோடா. 1867ஆம் ஆண்டில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், 1891இல் மரக் கைத்தறியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நெடுங்கால முயற்சியின் பயனாக 1924இல் 'ஜீ' வகைத் தானியங்கித் தறி உருவாயிற்று. இழை அறுந்தால் அது தானாகவே நின்றது. நூல் தீர்ந்த நாடாவை ஓட்டம் தடைப்படாமலே மாற்றிக்கொண்டது. ஒருவரே பல தறிகளைக் கவனிக்கலாயிற்று.

புகழ் வந்த பின்னர் செய்ய வேண்டியது யாது? இவ்விடத்திலேதான் தொழில் முகாமையின் மதிநுட்பம் வெளிப்படுகின்றது. 1929இல், நெசவு யந்திரத் தொழிலிலே பெரும் புகழ் பெற்றிருந்த இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் நிறுவனத்துக்கு, அத்தறியின் உரிமையை 100,000 பவுணுக்கு வழங்க உடன்படிக்கை செய்தனர். ஆயினும் யப்பான், சீனா, அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகிய மூன்றும் அவ்வுரிமைக்குப் புறம்பாக வைக்கப்பட்டன. எதை விற்பது, எதைக் கைவிடாதிருப்பது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

சாகிச்சியின் மகன் கிய்ச்சிரோவின் நோக்கம் மோட்டார் வண்டியின்மீது சென்றது. அந்நாளில் போட், ஜெனரல் மோட்டோர்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் யப்பானிலேயே வண்டிகளைப் பொருத்தி விற்றன. 1933இல் தறி செய்யும் ஆலைக்குள்ளேயே மோட்டார்ப் பிரிவு தொடங்கிற்று. எஞ்சின் பாகங்களை வார்ப்பதிலே தோல்விமேல் தோல்வி. 1935இல் வெளிவந்த பாரவண்டிகள் வழியிலே பழுதாகி நின்றன. தறிக்காக வார்ப்பும் கடைசலும் பயின்ற கைகளே அக்குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்தின. 1937இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் தனியே நிறுவப்பட்டது. குறை கண்டால் உடனே வேலையை நிறுத்துக என்ற தறியின் விதி, பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் மோட்டார் ஆலைகளிலும் விதியாயிற்று.

நேயர்களே, தறி பழையதாயிற்று. தறி தந்த அறிவு பழையதாகவில்லை. யந்திரத்தை விலைக்கு வாங்கலாம். அதனைப் பிரித்துப் பார்த்துத் திருத்தும் அறிவைப் பழகித்தான் பெறவேண்டும்.

இதனை நான் கற்றது என் தவற்றினால். முன்பு நான் கடமையாற்றிய பாடசாலையொன்றுக்குக் கணினிகள் நன்கொடையாகக் கிடைத்தன. மாணவர் கை பட்டால் பழுதாகிவிடும் என்று அஞ்சி அறையைப் பூட்டிவைத்தோம். ஈராண்டின் பின் திறந்தபோது, தூசியுடன் முதுமையும் அவற்றைப் பற்றியிருந்தது. திறவுகோல் என்னிடமே இருந்தது.

ஆகவே, புதிய யந்திரமொன்றுக்குப் பணம் செலுத்துமுன் தொழிலதிபர் மூன்று வினாக்களைத் தம்மையே கேட்பாராக: இதனைத் திருத்த வல்லவர் நம்முள் யார்? இதனால் நாம் புதிதாகக் கற்கப்போவது யாது? இது பழையதாகும் நாளில் நம்மிடம் எஞ்சி நிற்பது எது? இவற்றுக்கு விடையுள்ளவர் யந்திரத்தை ஆள்வார். விடையில்லாதவர் அதற்குக் காவலராவார்.