அகத்தின் கடன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஓர் இனத்தாரின் ஒழுக்கம் அவர்தம் குருதியில் ஊறியதா, அன்றி வாழ்ந்த வாழ்வால் விளைந்ததா? இவ்வினாவைப் பிலிப்பீனிய மக்களை முன்னிறுத்திச் சிந்திக்க விழைகிறேன். 1565 முதல் 1898 வரை அவர்களை ஆண்ட ஸ்பானியருள் பலர், அம்மக்கள் பிறவிச் சோம்பேறிகள் என்று தீர்ப்பெழுதினர். அதனை ஆராய்ந்து ஹோசே ரிசால் 1890-இல் 'லா சொலிடாரிடாட்' இதழில் கட்டுரைத் தொடரொன்று வரைந்தார். உழைப்பின் பயன் உழைத்தவனுக்குக் கிட்டாத நாட்டில் சோம்பல் விளைவே ஒழியக் காரணமன்று என்பது அவர் வாதம். 1896-இல் ஸ்பானிய ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது, வாதம் நின்றது.

அம்மக்களின் அறத்தை அறிய அவர்தம் சொற்களே நல்வாயில். தகலோக் மொழியில் 'லோஓப்' என்றொரு சொல் உண்டு. உட்புறம் என்பது அதன் பொருள்; வீட்டின் உள்ளையும் குறிக்கும், நெஞ்சின் உள்ளையும் குறிக்கும். மனையையும் மனத்தையும் 'அகம்' என ஒரே சொல்லாற் சுட்டும் நமக்கு இது புதிதன்று. துணிவை அவர்கள் அகத்தின் வலிமை என்பர். இரக்கத்தை அகத்தின் அழகு என்பர். நன்றிக்கடனை 'ஊத்தாங் நா லோஓப்', அதாவது அகத்தின் கடன் என்பர்.

பணக்கடனுக்கு அளவுண்டு, தவணையுண்டு. அகத்தின் கடனுக்கு இரண்டும் இல்லை. ஈன்றோர்க்கும், இடருற்ற நாளில் கைகொடுத்த அயலார்க்கும் பட்ட கடன் தீர்ந்ததென்று எவரும் கணக்கை முடிப்பதில்லை. முடித்தவனை அகக்கடன் அற்றவன் என்று தூற்றுவர். நாணமற்றவன் என்பதற்கு நிகரான வசை அது. மூத்தோர் கையைப் பற்றித் தம் நெற்றியில் ஒற்றி வணங்குவர். நம் செவிக்கு விரட்டுவதுபோல் ஒலிக்கும் 'போ' என்பது, அவர்தம் பேச்சில் பெரியோரிடம் பணிவோடு சேர்க்கும் மரியாதைச் சொல்.

இத்துணைச் சிறந்த பண்பே தீங்காக மாறுவதும் உண்டு. ஏழை வீட்டின் ஈமச் செலவை ஏற்கும் அரசியல்வாதிக்கு அவ்வீட்டார் அகத்தால் கடன்படுகின்றனர். வாக்கு அக்கடனின் வட்டியாகிறது. குடும்ப வழி ஆட்சியைச் சட்டம் வகுக்கும் முறையில் அரசு தடுக்க வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டு அரசமைப்பு கூறிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அதனை முழுமையாகச் செயற்படுத்தும் சட்டம் பிறக்கவில்லை. மற்றொரு காட்சி: வெளிநாட்டில் வீட்டுப் பணி செய்யும் தமக்கை, தம்பியரைப் படிக்க வைக்கிறாள், அவள் திருமணம் ஆண்டுதோறும் தள்ளிப் போகிறது. அதனைத் தியாகம் என்று புகழ்வோர் பலர். அவள் விருப்பம் யாதென்று வினவுவோர் சிலரே.

இம்முரணை அந்நாட்டார் உணராதவர் அல்லர். செனட்டர் லெட்டீசியா ராமோஸ் ஷஹானியின் முயற்சியால், உளவியலறிஞர் பட்ரீசியா லிக்குவானன் தலைமையில், 1988-இல் அறமீட்பு அறிக்கையொன்று உருவாயிற்று. அதன் நிறைப் பட்டியலில் குடும்பப் பற்று இருக்கிறது. குறைப் பட்டியலில் அதே பற்றின் மிகை இருக்கிறது. மருந்தும் நஞ்சும் ஒரே செடியில் என்றால், எங்கே நிறுத்துவது என்பதே வினா.

உளவியலறிஞர் விர்ஹீலியோ என்ரிக்கேஸ் இதற்கு விடை தேடினார். இப்பண்புகளைத் தனித்தனியே பிய்த்துப் பார்ப்பது அயலார் பார்வை. இவற்றின் வேர் 'கப்வா' என்னும் சொல்லில் உள்ளது என்றார். அதனைப் 'பிறர்' என்று பெயர்த்தால் பொருள் சிதையும். பிறர் என்றவுடன் நான் விலகி நிற்கிறேன். கப்வாவில் நானும் உளேன். அவ்வட்டம் சுருங்கினால் அகக்கடன் தலைவனுக்கும் சுற்றத்துக்கும் மட்டுமே உரியதாகும். விரிந்தால் முன்பின் அறியாதவர்க்கும் உரியதாகும்.

விரிந்ததற்குச் சான்றுகள் உண்டு. 1986 பிப்ரவரியில் மணிலாவின் எட்சா நெடுஞ்சாலையில் கவச வண்டிகளின் முன்னே கன்னியர் செபமாலையோடு நின்றனர். ஏவப்பட்ட வீரர்க்கு மக்கள் உணவளித்தனர். மார்க்கோஸ் நாட்டைவிட்டு வெளியேறினார். 2021 ஏப்ரலில், கொள்ளைநோய்க் காலத்தில், கேசோன் நகரத் தெருவோரம் இளம்பெண் ஒருவர் சிறு வண்டியில் உணவுப் பொருள்களை வைத்தார். இயன்றோர் தரலாம், வேண்டுவோர் எடுக்கலாம். சில நாள்களில் நாடெங்கும் அத்தகைய வண்டிகள் தோன்றின. அங்கே கொடுத்தவர் யாரெனப் பெற்றவர் அறியார். ஆதலின் அக்கடனை வாக்காக வசூலிக்க எவராலும் இயலாது. அடுத்துப் பசித்து வருபவர்க்கே அதனைத் திருப்பித் தர இயலும்.

அதே மக்கள் 2022-இல் மார்க்கோசின் மகனைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தனர் என்பதையும் மறைத்தற்கில்லை. பண்பாடு சொல்லைத் தருகிறது. அச்சொல் எத்துணைப் பேரைத் தழுவும் என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தானே முடிவு செய்கிறது.

கவிஞர்களே, சொல்லின் எல்லையை விரிப்பது உங்கள் தொழில். நன்றி என்னும் சொல்லை மேடைக்கும் மாலைக்கும் மட்டும் விட்டுவிடாதீர்கள். கைம்மாறு கேட்க வராதவர் பக்கம் அதனைத் திருப்புங்கள்.